வாய் வரை நல்ல தண்ணி

செல்வபுரம், கோவை
10 ஜூன் 2024

அன்புத் தம்பி பிராங்குக்கு,

அண்ணன் அமிர்தராஜ் எழுதுவது. ஆண்டவர் காப்பாற்றியதில் நானும் என் மகள் கிருபாவதியும் சௌக்கியம். அந்த மஸ்கட் வெயிலில் நீ கருகாமல் இருக்கிறாயா? ஒர்க்‌ஷாப்பில் பெரிய சூப்பர்வைசர் என்று டீயிலேயே பொழுதை ஓட்டாமல் வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ என்னென்னவோ பேசினாய். மில் மிஷின் சத்தம் என் காதை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது என்பது உனக்குத் தெரியும். எதிரில் ஆள் நின்றால் உதட்டைப் பார்த்தே ஒரு வார்த்தை விடாமல் படித்துவிடுவேன். போனில் உன் முகம் நின்று நின்று வருகிறது, நான் என்னத்தைப் படிக்க? சும்மா தலையாட்டி வைத்தேன். அதனால் எப்போதும் போல எழுது. கடிதம் மெதுவாக வந்தாலும் முழுசாக வருகிறது.

நீ லீவில் வந்தபோது தேடிப் பிடித்துக் கொடுத்த கார் ஜம்மென்று ஓடுகிறது. ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து கிருபாவின் இடது முட்டி மடங்குவதில்லை. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் என்பதால் வலது காலை மட்டும் வைத்து ஓட்டிவிடுகிறாள். திங்கட்கிழமை விடிந்ததும் கோத்தகிரி ஸ்கூலுக்கு மலை ஏறுகிறாள், வெள்ளிக்கிழமை இறங்கி வருகிறாள். வழியில் மேட்டுப்பாளையத்தில் சாஜிதா பேகம் டீச்சரை ஏற்றிக்கொள்கிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போன பெண் இப்போது சாவியைச் சுழற்றிக்கொண்டு போகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தம்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் “நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்கிறாள். நான் என்ன உட்கார்ந்து தேயப் பிறந்தவனா? கிளம்பும்போது பானெட்டில் கை வைத்து ஜெபம் பண்ணுவேன். அதற்கும் கிண்டல். “ஏனுங்கப்பா, இஞ்சினுக்கு ஞானஸ்நானம் குடுக்கறீங்களா?”

சிறுவாணித் தண்ணி இப்போது ஒழுங்காக வருவதில்லை. போர்த் தண்ணி ஒரே உப்பு, துணிக்கும் தரைக்கும்தான் ஆகும். நல்ல தண்ணியை டிரம்மில் பிடித்து மூடி வைத்து, குடிக்க மட்டும் எடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சொம்பு கொடுக்கவே மனசு வருவதில்லை, பார்த்துக்கொள்.

வலது மணிக்கட்டில் சுடுதண்ணி பட்டுக் கொப்பளித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. கிருபாவிடம் பேசும்போது இதைச் சொல்லி வைக்காதே.

உன் உடம்புக்கு ஜெபிக்கும்,
அமிர்தராஜ்


மஸ்கட்
2 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி பிராங்க் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். இங்கே வெயிலில் பானெட் மேலேயே முட்டை பொரிக்கலாம், சமையல் செலவு மிச்சம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? சர்ச் முடிந்ததும் பேக்கரியில் பன் தின்பதை நிறுத்தினீர்களா?

கையில் சுடுதண்ணி எப்படி அண்ணா பட்டது? கிருபா மலையில் இருக்கிற நாளில் கடைச் சாப்பாடு, வீட்டில் இருந்தால் வெந்நீர்கூட அவள்தான் என்றுதானே சொன்னீர்கள். அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் எனக்காவது சொல்லுங்கள்.

போன வாரம் அவளே போன் செய்தாள். மலைப்பாதையில் குஞ்சப்பனை ஊரைத் தாண்டி ஏறும்போது வண்டி உடம்பு நடுங்குகிற மாதிரி ஆடுகிறதாம். கியரை ‘டி’யில் போட்டால் உடனே நகராமல் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகருகிறதாம். “வண்டிக்கும் வயசாச்சுங்க சித்தப்பா, அதுவும் அப்பா மாதிரி பிகு பண்ணுது” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் பின்னாலேயே நின்று அனுப்பி வையுங்கள். அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவாள், உங்கள் ரத்தம்தானே.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான். அது அவளை நல்லபடியாக ஏற்றி இறக்குகிற வரை எனக்கு இங்கே தூக்கம் சரியாக வராது.

உங்கள் நலம் நாடும்,
பிராங்க்


செல்வபுரம், கோவை
25 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையில் இருவரும் சுகம். இங்கே தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. உன் முதுகுவலிக்கு நான் சொன்ன தைலம் தேய்த்தாயா?

நீ சொன்னபடி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். நானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டேன். மெக்கானிக் பையன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் டப்பாவைத்தான் முதலில் பார்த்தான். “தண்ணி ஃபுல்லா இருக்குதுங்க, சுத்தமாவும் இருக்குது. இவ்வளவு சுத்தமா யாருங்க வெச்சிருக்கறா?” என்று சொன்னதை அவன் உதட்டில் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. நடுக்கத்துக்கு இஞ்சின் தாங்குகிற ரப்பர் போயிருக்கும் என்று அதை மாற்றிக் கொடுத்தான். கியர் ஆயிலை விட்டுப் பார்க்க இந்த வண்டியில் அளவுக் குச்சி கிடையாதாம், அடியில் கழற்ற வேண்டுமாம், இப்போதைக்கு அவசியமில்லை என்றுவிட்டான். கிருபாவும் நிம்மதியாகிவிட்டாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் வெள்ளை வேட்டியில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை. பேக்கரி ரோஸ்மில்க் நுரை மாதிரி இருந்தது, காய்ந்ததும் எண்ணெய்ப் பிசுக்காகிவிட்டது. எந்த சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் கை கழுவ ஏதோ பவுடர் வைத்திருப்பீர்களே, அது என்ன பவுடர்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அந்த வேட்டிதான் எனக்கு ராசி.

அன்புடன்,
அண்ணன்


மஸ்கட்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். தைலம் தேய்க்கிறேன், முதுகு பரவாயில்லை. உங்களுக்கு இருமல் என்று கிருபா சொன்னாள், கவனித்துக்கொள்ளுங்கள்.

கை எப்படிச் சுட்டது என்று கேட்டேன், பதிலே இல்லை. நீங்கள் பதில் எழுதாத இடங்களைத்தான் நான் இப்போது அதிகம் படிக்கிறேன். வேட்டியில் அந்தக் கறை எங்கே பட்டது? பவுடர் அனுப்புகிறேன், ஆனால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் ரேடியேட்டர் என்பது இஞ்சினுக்கு மட்டும் உள்ளதல்ல. கியர்பாக்ஸ் ஆயிலும் அதற்குள்ளே ஒரு சின்னக் குழாயில் போய்த்தான் ஆறி வருகிறது. ஆயிலுக்கும் தண்ணிக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றுதான். அது அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணி நேராகக் கியருக்குள் போய்விடும். தரையில் ஒரு சொட்டு ஒழுகாது, யாருக்கும் தெரியாது. கியருக்குள்ளே இருக்கிற தட்டுகள் தண்ணி பட்டால் வழுக்க ஆரம்பிக்கும். சமதரையில் சமாளித்து ஓடும். ஏற்றத்தில் ஒருநாள் இஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றாது. கோத்தகிரி ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் வண்டி அப்படி நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதைக் காட்டிக் கொடுப்பது டப்பாவில் தண்ணி குறைவதுதான். குறைந்தால்தான் பயம். கிருபாவிடம் போனில் கேட்டேன். “ஒரு சொட்டுக் குறையலைங்க சித்தப்பா, எப்பப் பாத்தாலும் ஃபுல்லா இருக்குது, தண்ணி குறைஞ்சா எரியற லைட்டும் எரியல” என்றாள். மனசு பாதி ஆறியது. மீதிக்கு நீங்களும் ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராங்க்


செல்வபுரம், கோவை
14 செப்டம்பர் 2024

என் அருமைத் தம்பி,

இருமல் போய்விட்டது. சர்க்கரையும் மட்டுப்பட்டிருக்கிறது. பன் தின்பதை நிறுத்தவில்லை, பாதியாக்கியிருக்கிறேன். நீ சுகமா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தண்ணி குறைந்தால்தான் பயம் என்று தெளிவாக எழுதிவிட்டாய், அது போதும். நீ நிம்மதியாகத் தூங்கு. தண்ணி வாய் வரைக்கும் நிற்கிறது. காலையில் பார்த்தாலும் வாய் வரை, வெள்ளிக்கிழமை மலையிலிருந்து வந்து வண்டி ஆறிய பிறகு பார்த்தாலும் வாய் வரை. நான் இருக்கிற வரைக்கும் அது குறையாது. அதுவும் சும்மா தண்ணியா? பளிங்கு மாதிரி இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி விருந்தாளிக்குக் கொடுக்கலாம், அவ்வளவு தெளிவு. ஒரு தூசி தும்பு கிடையாது.

நம்ம அப்பாவை நினைத்துக்கொண்டேன். தோட்டத்துக்காரர் பட்டியில் மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் அவர் வாயில் ஒரு மிடறு வைத்ததுண்டா? “அதுதானடா நமக்காக ஏர் இழுக்குது, அது குடிச்சப்புறந்தான் நாம” என்பாரே. உனக்கும் எனக்கும் காப்பி கிடைப்பதே அதற்கப்புறம்தான். அந்தப் புத்தி நம்மை விட்டு எங்கே போகும்?

கிருபா இன்னும் அந்த ‘டி’ விஷயத்தைப் புலம்புகிறாள். காலாண்டு லீவில் மறுபடியும் ஒர்க்‌ஷாப்பில் காட்டச் சொல்லியிருக்கிறேன். காட்டினால் மட்டும் என்ன, டப்பாவைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறான்.

கறை போகாது போலிருக்கிறது, பவுடர் அனுப்ப வேண்டாம். வேட்டி பழசு.

உன் அண்ணன்,
அமிர்தராஜ்


மஸ்கட்
7 அக்டோபர் 2024, திங்கள்

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பளிங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி எடுத்த அன்று ரேடியேட்டரில் நான் நின்று பார்த்து ஊற்ற வைத்தது பச்சை நிறக் கூலண்ட். பச்சை எப்படி அண்ணா பளிங்காகும்? நீங்கள்தான் ஊற்றுகிறீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்துதான் கை வெந்திருக்கிறது. டப்பாவில் வந்த ரோஸ் நுரையை வழித்து எடுத்ததுதான் வேட்டியில் பட்டிருக்கிறது. அது அழுக்கு இல்லை அண்ணா, கியர் ஆயில். சிவப்பு ஆயில் தண்ணியில் கலந்தால் அப்படித்தான் ஆகும். குறையக் குறைய நீங்கள் ஊற்றி நிரப்பினால் லைட் எப்படி எரியும்?

கிருபாவுக்கு அடித்தேன், போன் அணைந்திருக்கிறது. இன்றைக்கு ஸ்கூல் திறக்கிற நாள். இந்நேரம் மலை ஏறியிருப்பாள். ஏறிச் சேர்ந்துவிட்டால் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கி வரச் சொல்கிறேன். நீங்கள் இனிமேல் அந்த மூடியைத்

இருங்கள், போன் வருகிறது. மேட்டுப்பாளையம் நம்பர்


கோவை, ஆஸ்பத்திரியிலிருந்து
28 அக்டோபர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கிருபா எழுதிக்கொள்வது. நீங்கள் நலமா? உங்களுக்கு லீவு கிடைக்காதது பற்றி வருத்தப்பட வேண்டாம், இங்கே சர்ச் ஆட்கள் மாறி மாறி வந்து பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சாஜிதா அன்று உங்களுக்குப் போன் செய்தபோது நீங்கள் “தண்ணி, தண்ணி” என்று மட்டும் சொல்லி அழுதீர்களாம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிய நாளாயிற்று.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், அப்பா கட்டிலை விட்டு நகர்வதே இல்லை. நான் யாரிடம் எதைப் பேசினாலும் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார். இப்போது சர்ச்சுக்குப் போயிருக்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பும்போது வண்டி இழுவை விட்டுவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி பின்னால் வழுக்குகிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டேன். சாஜிதா டயருக்குக் கல் வைக்கிறேன் என்று இறங்கினாள், அதனால் அவள் பிழைத்தாள். மேலிருந்து இறங்கி வந்த லாரி டிரைவருக்கு வளைவில் நாங்கள் நிற்பது தெரிய வழியே இல்லை. என் பக்கத்துக் கதவில்தான் இடித்தது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் நாள் மயக்கம் தெளிந்து பார்த்தபோது, இருந்த ஒரு நல்ல காலும் போயிற்றே என்று கத்தி அழுதேன் சித்தப்பா. அப்பாவுக்குக் கேட்காது என்பதால், அவர் பக்கத்தில் இருக்கும்போதே முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருநாள் வந்தார். கியர்பாக்ஸைத் திறந்ததும் ரோஸ்மில்க் மாதிரி கொட்டியதாம். ரேடியேட்டருக்குள்ளே தகடு அரித்துப் பொத்தலாகியிருந்ததாம். “கூலண்டே இல்லீங்க, வெறும் குடிதண்ணி. யாருங்க இப்படி ஊத்திக்கிட்டே இருந்தது?” என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார், எங்களைப் பார்க்கவில்லை. “நான்தாங்க ஊத்துனேன்” என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை விடியலில் அவர் பானெட்டைத் திறந்து குனிந்து நிற்பதை ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்திருக்கிறேன். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். டிரம்மில் நல்ல தண்ணி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று அவரைத் திட்டவும் செய்தேன். “தாகமுங்கண்ணு, வயசானா தாகம் ஜாஸ்தி” என்றார்.

சித்தப்பா, அப்பாவிடம் கியர் உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இது தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். என் காலைக் கொடுத்தது போதும், அவரையும் கொடுக்க முடியாது. நீங்களும் எழுதிவிடாதீர்கள். எனக்காக.

உங்கள் மகள்,
கிருபாவதி


மஸ்கட்
16 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். கிருபா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அறிந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தீர்களா? இங்கே வெயில் குறைந்துவிட்டது. எனக்குப் பிப்ரவரியில் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

பிராங்க்


செல்வபுரம், கோவை
5 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் நாலே வரியில் முடிந்துவிட்டது. உனக்கு என்ன ஆயிற்று? சாப்பிடுகிறாயா இல்லையா? வண்டியை நீ தேர்ந்தெடுத்தாய் என்று உன்னையே நோகடித்துக்கொள்ளாதே. கியர் உடைவதை எவனால் முன்கூட்டிப் பார்க்க முடியும்?

கிருபா சக்கர நாற்காலியில் வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறாள். செயற்கைக் கால் வைக்கலாம் என்கிறார்கள். “நீங்க உக்காருங்கப்பா” என்று இப்போது சொல்வதில்லை. எல்லாம் நான்தான் செய்கிறேன். இதற்கா நான் ஆசைப்பட்டேன் என்று சமையலறையில் நின்று சில நேரம் அழுதுவிடுகிறேன். ஆனால் தம்பி, ஒரு ஆறுதல் இருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது, உன்னிடம் சொல்கிறேன். அந்த வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து நான்தான் நல்ல தண்ணி ஊற்றி வந்தேன். கிருபா திட்டுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணி, சிறுவாணித் தண்ணி, டிரம்மில் அடி தட்டுகிற நாளில்கூட முதல் சொம்பு வண்டிக்குத்தான். அந்தத் திங்கட்கிழமையும் வாய் வரை ஊற்றித்தான் அனுப்பினேன். கியர் துரோகம் பண்ணினாலும் தண்ணி துரோகம் பண்ணவில்லை. அதுவும் இல்லாமல் இருந்தால் இஞ்சினே வெடித்து இரண்டு பெண்களும் போயிருப்பார்கள். இதை நினைத்துத்தான் ராத்திரி கண்ணை மூடுகிறேன்.

எதிர்வீட்டு டெய்சியை உனக்குத் தெரியும், நர்ஸ். அவளும் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு குன்னூரில் அம்மா வீட்டுக்கு மலை ஏறுகிறாள். புருஷன் துபாயில், பார்க்க ஆள் கிடையாது. நான் இருக்கும்போது இன்னொரு வீட்டில் இப்படி நடக்கலாமா? விடியலில் அவள் டியூட்டி முடிந்து வந்து தூங்கும்போது போய் ஊற்றிவிட்டு வருகிறேன். நம் வண்டியில் முதலில் நான் வழித்துக் கொட்டிய அந்தப் பச்சை அழுக்கு அவள் வண்டியிலும் நிறைய இருந்தது, எல்லாவற்றையும் வழித்துக் கொட்டிவிட்டு நல்ல தண்ணியாக நிரப்பிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குக் குன்னூர் போகிறார்களாம். பளிங்கு மாதிரி வைத்து அனுப்புவேன்.

உனக்கும் முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அண்ணன்


மஸ்கட்
21 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் உடம்பு சௌக்கியமாக இருக்கும் நேரத்தில் இது கைக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தவுடனே டெய்சிக்குப் போன் செய்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ரேடியேட்டரை முழுக்கக் கழுவி, திரும்பக் கூலண்ட் ஊற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ஒன்றும் கெடவில்லை. பிள்ளைகள் தைரியமாகக் குன்னூர் போகலாம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அண்ணா, அந்தப் பச்சை அழுக்கு இல்லை. இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்காமல் காப்பது அதுதான். சிறுவாணித் தண்ணி மனுஷன் குடிக்க அமிர்தம். ரேடியேட்டருக்குள் அது மட்டுமே நின்றால் தகட்டைத் தின்றுவிடும். நம் வண்டியில் தகடு அப்படித்தான் போயிற்று. தண்ணி கியருக்குள் இறங்கியது, கியர் ஆயில் தண்ணிக்குள் வந்தது, உங்கள் வேட்டியில் பட்டது அந்த ஆயில். டப்பா காலியாகியிருந்தால் லைட் எரிந்திருக்கும், கிருபா வண்டியை எடுத்திருக்க மாட்டாள். நீங்கள் நிரப்பிக்கொண்டே இருந்தீர்கள். மெக்கானிக்கும் பார்த்து ஏமாந்தான், நானும் ஏமாந்தேன். “குறைந்தால்தான் பயம்” என்று உங்களுக்கு எழுதியவன் நான். அதைப் படித்துவிட்டுத்தானே நீங்கள் இன்னும் கவனமாக ஊற்றினீர்கள்? பாதிப் பாவம் என்னுடையது அண்ணா. உங்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விபத்து நடந்த அன்றைக்கே இதை எழுத ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன், அனுப்பவில்லை. இனிமேலும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். டெய்சியின் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக் இதை எனக்கு மட்டும்தான் சொன்னான். கிருபாவுக்கு எதுவும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம். பிப்ரவரியில் வருகிறேன். அதுவரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எனக்காக இருங்கள்.

உங்கள் தம்பி,
பிராங்க்


செல்வபுரம், கோவை
19 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நீ சுகமா?

உன் கடிதத்தைத் தபால்காரர் கிருபா கையில்தான் கொடுத்தார். அவள் பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்தேன். எவ்வளவு நேரம் படித்தேன் என்று தெரியாது. தலையை நிமிர்த்தினால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“சித்தப்பா என்ன எழுதியிருக்கறாருங்கப்பா?”

“நலம் விசாரிச்சிருக்கறாரு அம்மணி. பிப்ரவரியில வாராராம்.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான் கண்ணு.”

அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டில் வெந்த தழும்பு இருக்கிறதே, அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அது எப்படி வந்தது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் என்னைக் கேட்டதில்லை.

பிறகு தாகமாக இருக்கிறது என்றாள். எழுந்து போய் டிரம்மைத் திறந்தேன். தண்ணி பளிங்கு மாதிரி நின்றது. சொம்பை அமுக்க என் கை போகமாட்டேன் என்கிறது தம்பி. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அவள் காத்திருக்கிறாளே என்று எப்படியோ மொண்டு, டம்ளரில் பாதி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் உதட்டைத் தப்பாகப் படிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகச் சொன்னாள். “ஏனுங்கப்பா பாதி? நீங்க எப்பவும் ஊத்தற மாதிரி, வாய் வரைக்கும் ஊத்துங்க.”

ஊற்றினேன். கீழே வைக்காமல் முழுதும் குடித்தாள்.

கிருபாவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தாய். அது நிஜம்தானா தம்பி? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிடாதே.

உன் அண்ணன்,
அமிர்தராஜ்